பச்சைத் திருநாளைப் பச்சைத் தண்ணீரோடு கொண்டாடலாம்

மார்ச் 17ஆம் திகதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை மொன்றியலின் நடுப்பகுதி பச்சையாகிவிடும். தொப்பி, கழுத்துப்பட்டி, குழந்தைகளின் கன்னத்தில் மூவிலை ஓவியம் என எங்கும் பச்சை. டி மெசோன்னேவ் வீதி வழியே செல்லும் செயின்ற் பற்றிக் ஊர்வலம் 1824இல் தொடங்கியது. 1929 முதல் ஐக்கிய ஐரிஷ் சங்கங்கள் அதை நடத்தி வருகின்றன. கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் ஊர்வலம் நடக்கவில்லை. 2024இல் அது இருநூறு ஆண்டுகளைத் தொட்டது.

ஊர்வலத்தைப் பார்க்க எங்கள் குடும்பங்களும் போகின்றன. பிள்ளைகளுக்கு வாத்தியமும் வண்டிகளும் பிடிக்கும். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. மதுச்சாலைகளின் வாசலில் காலையிலேயே வரிசை நிற்கும். வேலையிடத்து நண்பர்கள் அழைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு அன்று குடிக்காமல் இருப்பது ஊரோடு ஒட்டாமல் இருப்பதுபோல் தோன்றும். மருத்துவர் ஈரலைக் காட்டி எச்சரித்தவர், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், கர்ப்பிணி, விரதம் பிடிப்பவர், வாகனம் ஓட்ட வேண்டியவர் எனக் குடிக்காதவர்கள் பலவகை. எல்லோரிலும் கடினமான நிலை, மூன்று மாதங்களுக்கு முன் குடியை விட்டவருடையது. மற்றவர்களுக்கு அது ஒரு நாள் கொண்டாட்டம். அவருக்கு அது மூன்று மாத முயற்சி முழுவதும் ஆட்டம் காணக்கூடிய நாள்.

குடி எப்படி ஒட்டிக்கொண்டது?

செயின்ற் பற்றிக் நாள் அடிப்படையில் ஒரு சமயத் திருநாள். அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பியவர் என்று போற்றப்படும் புனிதரின் நினைவு நாள். அது தவக்காலத்தின் நடுவில் வருவதால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் நோன்புக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. நாற்பது நாள் ஒடுக்கத்தின் நடுவே ஒரு நாள் விடுப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூவிலையைக் கடைசிக் கிண்ணத்தில் போட்டு அருந்தும் வழக்கமும் பிறகு சேர்ந்துகொண்டது. வட அமெரிக்காவில் மதுச்சாலைகளும் பியர் நிறுவனங்களின் விளம்பரங்களும் மீதியைச் செய்தன.

ஆனால் இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1838இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் தியோபால்ட் மத்தியூ என்ற கத்தோலிக்கக் குரு தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் உறுதிமொழி எடுத்தார்கள். அயர்லாந்து சுதந்திரம் பெற்றபின் 1920களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1960 வரை, மார்ச் 17 அன்று அந்நாட்டின் மதுச்சாலைகள் சட்டப்படி மூடப்பட்டிருந்தன. டப்ளினில் அன்று நடக்கும் நாய்க் கண்காட்சி ஒன்றில் மட்டும் மது கிடைத்ததால், நாயே வளர்க்காதவர்களும் அங்கே திரண்டார்கள் என்று இன்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆக, மதுவில்லாத பற்றிக் நாள் ஒன்றும் புதுமையல்ல. பல பத்தாண்டுகளாக ஐரிஷ்காரரே அப்படித்தான் கொண்டாடினார்கள்.

எங்களுக்குப் புரியக்கூடிய திருநாள்

இந்த நகரில் அந்த நாளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 1847இல் பஞ்சத்திலிருந்து தப்பிக் கப்பலேறிய ஐரிஷ் மக்கள் ஆயிரக்கணக்கில் மொன்றியல் துறைமுகத்துக்கு வந்தார்கள். கப்பல் காய்ச்சல் எனப்பட்ட ரைபஸ் நோயில் ஆறாயிரம் பேர் வரை இங்கே இறந்தார்கள். விக்ரோறியா பாலம் கட்டிய தொழிலாளர்கள், மண் தோண்டியபோது வெளிப்பட்ட எலும்புகளைக் கண்டு, 1859இல் ஒரு பெருங்கல்லை நிறுத்தினார்கள். கறுப்புப் பாறை என்று அழைக்கப்படும் அந்தக் கல் இன்றும் பாலத்தருகே நிற்கிறது. அதே 1847ஆம் ஆண்டு மார்ச் 17 அன்றுதான் செயின்ற் பற்றிக் பசிலிக்காவும் திறக்கப்பட்டது. மொன்றியல் நகரக் கொடியில் மூவிலை இருப்பதும் இந்த வரலாற்றால்தான்.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்கள் மீட்கப்பட்டதை மறக்காத சமூகம் நாங்கள். கடல் கடந்து வந்து, இறந்தவரை நினைத்து, பிறகு ஊர் நடுவே தலை நிமிர்ந்து நடப்பது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை ஊர்வலத்துக்குக் கூட்டிச் செல்பவர்கள் இந்தக் கதையையும் சொல்லிக் கூட்டிச் செல்லலாம்.

கொஞ்சம் கணக்கு

போதைப்பொருள் பாவனைக்கும் அடிமைத்தனத்துக்குமான கனேடிய நிலையம் 2023 ஜனவரியில் புதிய வழிகாட்டலை வெளியிட்டது. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அளவுக் குடி குறைந்த ஆபத்து. மூன்று முதல் ஆறு வரை மிதமான ஆபத்து. ஏழும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவு என்பது 5 வீத பியரில் 341 மில்லிலீற்றர், 12 வீத வைனில் 142 மில்லிலீற்றர், 40 வீத விஸ்கியில் 43 மில்லிலீற்றர். எங்கள் வீடுகளில் கண்ணளவாக ஊற்றும் ஒரு 'பெக்' பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும்.

'குளிருக்கு ஒரு மிடறு' என்பதும் தவறு. மது தோலருகே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடாக இருப்பதுபோல் உணர்வோம். உண்மையில் உடல் வெப்பத்தை இழக்கிறது. மார்ச் மாத மொன்றியல் குளிரில் இரண்டு மூன்று மணிநேரம் நிற்பவருக்கு இது சிறிய விடயமல்ல. கோப்பியோ குளிர்நீரோ வெறியை இறக்காது, நேரம் மட்டுமே இறக்கும். கியூபெக்கில் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் இரத்தத்தில் துளி மதுவும் இல்லாமலேயே வாகனம் ஓட்ட வேண்டும். 18 வயதில் மது வாங்கலாம் என்பதை அறிந்த பிள்ளைகளுக்கு இந்தச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

குடிக்காமல் போகிறவர்களுக்கு

ஊர்வலத்துக்குப் போங்கள், அதன் பின்னான மதுச்சாலையைத் தவிருங்கள். முடிந்தவுடன் எங்கே போவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் பாதிச் சிக்கல் குறையும். வீட்டில் சுடச்சுடச் சாப்பாடு காத்திருக்கட்டும். பசியோடும் களைப்போடும் இருக்கும்போதுதான் மனம் தடுமாறும்.

நண்பர்களோடு உள்ளே போகத்தான் வேண்டுமென்றால், போனவுடன் கையில் ஒரு பானத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு நிற்பவரைத்தான் எல்லோரும் உபசரிப்பார்கள். இஞ்சி பியர், தேசிக்காய் சோடா எதுவானாலும் சரி. மறுக்கும்போது நீண்ட விளக்கம் தேவையில்லை. "இல்லைத் தம்பி, நான் எடுக்கிறேல்லை, சோடா இருந்தால் தா" என்பதே போதும். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதாட ஒருவர் வருவார். துணைக்கு ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திரும்பி வரும் வழியும் உங்கள் கையில் இருக்கட்டும். மற்றவரின் காரை நம்பிப் போனால் அவர் எழும்பும்வரை இருக்க வேண்டிவரும்.

மதுவில்லாத பியர், வைன் வகைகள் இப்போது சுப்பர்மார்க்கெற்றுகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கின்னஸ் நிறுவனமே 0.0 என்ற பானத்தை விற்கிறது. ஆனால் மதுவில்லாதது என்று விற்கப்படும் சிலவற்றில் 0.5 வீதம் வரை மது இருக்கலாம், லேபிளைப் பாருங்கள். குடியை அண்மையில் விட்டவருக்கு அதே மணமும் அதே சுவையும் பழைய ஆசையைக் கிளப்பக்கூடும். அவர்கள் இவற்றையும் தள்ளி வைப்பது நல்லது. இந்த வேறுபாடு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் அதே பனையிலிருந்து கருப்பநீர், பூசாமல் விட்டால் கள்ளு. ஒன்றை வீட்டில் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள், மற்றதைத் தேடித் தவறணைக்குப் போனார்கள்.

விருந்து வைப்பவர்களுக்கு

பற்றிக் நாள் வருடத்தில் ஒருமுறைதான். எங்கள் மண்டபங்களில் பிறந்தநாளும் சாமத்தியவீடும் கலியாணமும் வாராவாரம் நடக்கின்றன. வெளியே காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணை, ஒண்டு மட்டும் எடுங்கோ" என்று கையைப் பிடித்து இழுப்பது அன்பு என்றே பலர் நினைக்கிறோம். இழுக்கப்படுகிறவர் வைத்தியசாலையிலிருந்து போன கிழமைதான் வந்திருக்கலாம். அவர் மனைவி உள்ளே வாசலையே பார்த்தபடி இருந்திருக்கலாம்.

ஒருமுறை "வேண்டாம்" என்றால் இரண்டாவது முறை கேட்காதிருப்பது விருந்தோம்பலில் சேர்த்தி. குடிக்காதவருக்குப் பிளாஸ்ரிக் குவளையில் கோலாவை ஊற்றி ஒதுக்காமல், அவருக்கும் நல்ல பானம் ஒன்றை நல்ல கிளாஸில் கொடுங்கள். மோர், நன்னாரி, பழச்சாறு எதுவானாலும் மேசையின் நடுவில் வையுங்கள்.

உதவி தேவைப்பட்டால்

பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகம் குடித்தவர், ஒரு திருநாளைச் சாக்காக வைத்துத் திடீரென நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் போன்றவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையோடு நிறுத்த வேண்டும். கியூபெக்கில் 811 என்ற இலக்கத்தை அழைத்தால் தாதியரிடமோ சமூக சேவையாளரிடமோ இலவசமாகப் பேசலாம். மறைந்த பாடகரும் செனற்றருமான ஜோன் லப்புவான்ற் பெயரிலான அறக்கட்டளை, ஒவ்வொரு பெப்ரவரியும் 28 நாட்கள் மதுவின்றி இருக்கும் சவாலை நடத்துகிறது. அதை முடித்து மார்ச்சுக்குள் நுழைபவருக்குப் பற்றிக் நாள்தான் முதல் பெரிய சோதனை. உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஊர்வலத்துக்குப் போங்கள். முடிந்ததும் அவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வாருங்கள்.