பிரசவ நாளை நிதானிப்பது எப்படி?

கோல் மார்க்கெட்டிலிருந்து பிரசவத்திற்காகத் தாய்வீடு செல்ல ரயில் பயணச்சீட்டு எடுக்குமுன், உங்கள் நாளைச் சரியாக அறிந்திருக்கிறீர்களா?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 7 நாட்களையும் 9 மாதங்களையும் கூட்டுங்கள். அது ஜனவரி 10 எனில், பிரசவ நாள் அக்டோபர் 17. மாதவிலக்கு ஒழுங்கற்றவர்களுக்கு இக்கணக்குத் தவறக்கூடும். முதல் 3 மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனே அதிக நம்பகமானது.

தாமதமாக ஸ்கேன் எடுப்போருக்கு மேல்நாட்டுச் சூத்திரங்களே பயன்பட்டுவந்தன. குருகிராம் அரசு மருத்துவமனைத் தாய்மாரின் விவரங்களைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத் ஆய்வாளர்களும் உருவாக்கிய ‘கர்ப்பிணி-ஜிஏ2’ என்னும் இந்தியக் கணக்குமுறை 2024இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும், குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்தே. ஆகவே முதல் ஸ்கேன் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அருகிலுள்ள லேடி ஹார்டிங் போன்ற மருத்துவமனையில் ஆலோசனை பெற்ற பின்பே பயணநாளைக் குறியுங்கள்.