வரவு குறையும் விண்கலங்கள்

ஆண்டுக்கு ஆண்டு வரவு குறைகிறது. கடன் கேட்க ஆளில்லை. ஆனாலும் வேலை நிற்கக்கூடாது. 1977-இல் நாசா அனுப்பிய வாயேஜர் 1, வாயேஜர் 2 விண்கலங்களின் நிலை இதுதான்.

சூரியனை விட்டு வெகுதொலைவு போகும் கலத்துக்குச் சூரியத் தகடு உதவாது. அதனால் புளூட்டோனியம்-238 கொடுத்தனுப்பினார்கள். அது சிதையும்போது எழும் வெப்பமே அங்கே மின்சாரமாகிறது. புறப்பட்டபோது ஒவ்வொரு கலத்துக்கும் ஏறத்தாழ 470 வாட் கிடைத்தது. இந்தப் புளூட்டோனியம் சுமார் 88 ஆண்டுகளில் பாதியாகிவிடும். வெப்பத்தை மின்சாரமாக்கும் பாகங்களும் தேய்ந்துகொண்டே வருகின்றன. இதனால் ஆண்டுதோறும் சுமார் 4 வாட் குறைகிறது.

எதை நிறுத்துவது, எதை விட்டுவைப்பது? பொறியாளர்கள் வகுத்த வரிசை அழகானது.

முதலில் போனவை வேலை முடிந்த கருவிகள். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 திரும்பிப் பார்த்துச் சூரியக் குடும்பத்தைப் படமெடுத்தது. பூமி ஒரு வெளிறிய நீலப் புள்ளியாகத் தெரிவது அப்போது எடுத்த படத்தில்தான். அதற்கப்பால் படமெடுக்க எதுவும் இல்லாததால் கேமராக்களை அணைத்தார்கள்.

பிறகு கதகதப்பில் கைவைத்தார்கள். 2019-இல் வாயேஜர் 2-இன் காஸ்மிக் கதிர்க் கருவிக்கான ஹீட்டர் அணைக்கப்பட்டது. மைனஸ் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் அந்தக் கருவியைச் சோதித்திருந்தார்கள். அது மைனஸ் 59 டிகிரியிலும் தரவு அனுப்பியது! 2023-இல், மின்னழுத்தம் தடுமாறினால் காப்பதற்கென்று ஒதுக்கியிருந்த சிறிதளவு மின்சாரத்தையும் எடுத்து, இன்னொரு கருவியை அணைக்கும் நாளைத் தள்ளிப்போட்டார்கள்.

அதன்பிறகு இயங்கும் கருவிகளிலும் கைவைத்தார்கள், அதுவும் பலன் குறைந்ததிலிருந்து. 2024-இல் வாயேஜர் 2-இன் பிளாஸ்மா கருவி அணைந்தது; கலம் திரும்பியிருக்கும் திசையால் சில ஆண்டுகளாக அதற்குக் கிடைத்த தரவு சொற்பம். 2025-இல் ஒவ்வொரு கலத்திலும் மேலும் ஒரு கருவி நின்றது.

பூமியோடு பேசும் டிரான்ஸ்மிட்டரையும் பயன்பாட்டிலுள்ள எரிபொருள் குழாய்களின் ஹீட்டர்களையும் தொடவில்லை. குழாய் உறைந்தால் ஆன்டெனாவைப் பூமி நோக்கித் திருப்ப முடியாது. பிறகு எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளியிருந்தால் கலங்கள் எப்போதோ ஊமையாகியிருக்கும். தொடக்கத்திலிருந்தே எது முக்கியம் என்பதை அறிந்து குறைத்துவந்ததால்தான் 2012-இல் வாயேஜர் 1-உம், 2018-இல் வாயேஜர் 2-உம் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியபோது அளந்து சொல்லக் கருவிகள் விழித்திருந்தன. விண்மீன்களுக்கு இடைப்பட்ட அந்த வெளியிலிருந்து மனிதருக்கு நேரடியாகச் செய்தி தந்தவை இந்த இரண்டு சிக்கனக்காரக் கலங்கள் மட்டுமே.