உங்களுக்குத் தெரியுமா? ஒரே பல்பு, 20 மடங்கு வித்தியாசம்!

கருநீலச் சுவரைவிட மஞ்சள் சாயல் வெள்ளைச் சுவர் 20 மடங்கு அதிக ஒளியைத் திருப்பித் தரக்கூடும்!

அமெரிக்காவின் ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனத்தின் ‘நேவல்’ கருநீலம், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் அறைக்குள் திருப்பி அனுப்புகிறது. அதே நிறுவனத்தின் ‘அலபாஸ்டர்’ வெள்ளையோ 82 சதவீதம். மீதி ஒளியைச் சுவரே விழுங்கிவிடுகிறது.

• இந்த அளவுக்கு எல்.ஆர்.வி. என்று பெயர். 0 என்றால் முழுக் கறுப்பு. 100 என்றால் முழு வெள்ளை.

• இரண்டுமே அந்த நிறுவனத்தின் ‘ஆண்டின் வண்ணம்’ பட்டம் பெற்றவை. அலபாஸ்டருக்கு 2016-இல்; நேவலுக்கு 2020-இல்.

• வெள்ளை பெயின்டுக்கு, அடியில் இருப்பதை மறைக்கும் வலுவைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அடர் நிறங்களுக்கான ‘பேஸ்’ பெயின்டில் அது மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அதனால்தான் வெள்ளைச் சுவரில் கருநீலம் அடித்தால் திட்டுத்திட்டாகத் தெரிந்து, கூடுதல் கோட் கேட்கிறது. முதலில் சாம்பல் நிற பிரைமர் அடித்தால் கோட் எண்ணிக்கை குறையும்.

• ஒளி குறைந்தால் நம் கண்ணும் நிறங்களை மாற்றிக் காட்டும்: அந்தி மங்கலில் சிவப்பு முதலில் கறுத்துப்போகும்; நீலம் அதைவிட நேரம் தாக்குப்பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்னவர் செக் உடலியலாளர் யான் புர்கினி. மங்கிய ஒளியில் பார்வையைக் கண்ணின் வேறு வகைச் செல்கள் ஏற்றுக்கொள்கின்றன. அவை சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணர்வதே இல்லை.