தங்கம் வேறு, கல் வேறு

 

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு, கைபரில் ஃபளாலா பின் உபைத் (ரலி) அவர்கள் பொன்னும் மணிகளும் கோத்த மாலை ஒன்றை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த பொன் மட்டுமே 12 தீனாருக்கும் அதிகமாக இருந்தது. இதனை நபி (ஸல்) அவர்களிடம் கூறியபோது, பொன்னைத் தனியே பிரிக்காமல் அத்தகைய மாலையை விற்கலாகாது என்று தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம் பெற்றுள்ளது.

திருமணக் காலங்களில் பழைய தங்கத்தைக் கொடுத்துக் கல் பதித்த புது நகை வாங்கும் நம் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பழையதைப் பணத்திற்கு விற்று, அப்பணத்தைக் கையில் பெற்ற பின்பு புதியதை வாங்குவதே பேணுதலான வழி. ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். கெம்பு நகைகளில் கல்லுக்கு அடியில் வைக்கும் அரக்கும் எடை கூட்டும். தங்கத்தின் விலையில் அரக்கை வாங்கிவிடாதீர்கள்! கல்லின் ஒரு காரட் 200 மில்லி கிராம். தங்கத்தின் 22 காரட் என்பதோ எடையன்று, தரம். ஹால்மார்க் முத்திரையும் தங்கத்தின் தரத்திற்கு மட்டுமே சாட்சி. கல்லைப் பற்றி அது எதுவும் கூறாது.

அனுப்பம்பட்டிலும் ஏரிக்கரை ஊர்களிலும் வாழும் நமக்குக் கல் வணிகம் புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, இங்கு முஸ்லிம் வணிகர்கள் இருந்ததையும், பர்மாவின் பெகுவிலிருந்து வந்த மாணிக்கங்கள் ஏராளமாகக் கிடைத்ததையும் குறிப்பிடுகிறார். தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கே அவை மலிவு என்பதும் அவர் கண்டது.

இன்று தேர்ந்தெடுப்பது அதனினும் கடினம். செயற்கை மாணிக்கம் 1902-லேயே உலகிற்கு அறிமுகமாகிவிட்டது. இயற்கைக் கல்லிலும் பல வகை உண்டு. மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுவது வழக்கம், அது நிலையானது. மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஊறவைப்பர். வெடித்த மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்புவதும் 2000-க்குப் பின் பரவியது. இவற்றைச் செய்வது குற்றமன்று. மறைத்து விற்பதே குற்றம். தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். ஆகவே, "இயற்கையா? சூடேற்றியதா? எதையேனும் நிரப்பியதா?" என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். விலை உயர்ந்த கல்லாயின் ஆய்வுக்கூடச் சான்றும் தேவை. வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவசாலிக்கும் எளிதன்று.

பராமரிப்பும் இதனைப் பொறுத்ததே. கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். எனவே மீன், இறால் கழுவுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போது, நிரப்பிய கல் என்று பத்தரிடம் கூறுங்கள். ஊதுகுழலின் தீ பட்டால் அது கெட்டுவிடும். சாதாரண மாணிக்கத்தையும் நீலத்தையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவலாம். மரகதத்திற்கு வெந்நீர் ஆகாது. முத்தும் பவளமும் மிகவும் மென்மையானவை. அத்தர் பூசிய பின்பே அவற்றை அணியுங்கள், கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்துத் தனித் துணியில் சுற்றி வையுங்கள். மோதிரம் இறுக்கமாக இருந்தால், உளூவின்போது அதனை அசைத்து நீரை உள்ளே செலுத்த வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் அபிசீனியக் கல் பதித்த வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம், கல் ஆகும். ராசிக்கல், அதிர்ஷ்டக்கல் என்று அணிவது மட்டும் நம் அகீதாவிற்கு முரண்.

அணியும் கற்களுக்கு ஜகாத் இல்லை; விற்பனைச் சரக்காக வைத்திருந்தால் உண்டு. நகையின் தங்கத்திற்கோ, ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, அணிவதற்கு ஆகுமான நகைக்குக் கடமையில்லை. ஹனஃபிகள் ஜகாத் கணக்கிடும்போதும் அந்த ரசீதின் நிகர எடையே உதவும்.