தமிழ்த் திரையிசையில் டிஸ்கோ

டிஸ்கோ என்பது 1970களில் அமெரிக்க நடன விடுதிகளில் வளர்ந்த இசை வகையாகும். நான்கு தட்டுகள் கொண்ட தாளத்தில் ஒவ்வொரு தட்டிலும் பெரிய டிரம் ஒலிப்பது இதன் அடையாளம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 தட்டுகள் அமையும்.

1979க்குப் பின் அமெரிக்காவில் இதன் செல்வாக்குச் சரிந்தது. இந்தியாவிலோ அப்போதுதான் திரைப்படங்கள் வழியே பரவத் தொடங்கியது. மிதுன் சக்கரவர்த்தி நடித்து, பப்பி லகிரி இசையமைத்த இந்திப் படமான 'டிஸ்கோ டான்சர்' (1982), ஆனந்த் பாபு நடிப்பில் 'பாடும் வானம்பாடி' (1985) எனத் தமிழில் வெளிவந்தது. 'சகலகலா வல்லவன்' (1982) படத்தில் இளையராஜா இசையில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய புத்தாண்டுப் பாடல் மேலை நடன இசைச் சாயல் கொண்டது. இன்றும் டிசம்பர் 31 இரவில் ஒலிக்கிறது.

கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் நடன விடுதிகள் இல்லை. திரையரங்கு, வானொலி, ஒலிநாடா ஆகியவையே இவ்விசையைக் கொண்டுசேர்த்தன. இதனால், ஆடுவதற்கென்று பிறந்த இசை தமிழகத்தில் பெரும்பாலும் கேட்கும் பாட்டாகவே நிலைபெற்றது.