அம்மா அறையின் கூரையும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும்

போன வருடம் மே மாதம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு வந்து ஹாலில் வெறும் தரையில் படுத்துக்கொண்டாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "ஃபேன் நெருப்பைக் கொட்டுதுடா" என்றாள். அம்மா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவள். அதில் ஒன்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை. வெயில் காலத்தில் உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஏ.சி. அறையில் படுக்கச் சொன்னால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்பாள். கரண்ட் பில்லும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும், அவள் சொல்லமாட்டாள்.

எங்கள் வீடு மதுரையில் புறநகர்ப் பக்கம். தரைத்தளம் மட்டும்தான், மேலே 600 சதுர அடி மொட்டை மாடி. கூரையைக் குளிர்ச்சியாக்க ஒருவரிடம் விலை கேட்டேன். பழுது பார்த்து, வெப்பம் தடுக்கும் பெயின்ட் இரண்டு கோட் அடிக்க 24,000 ரூபாய் என்றார். இன்னொருவர் உள்ளே தெர்மகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்றார். இரண்டுக்கும் தலையாட்டாமல், முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொழில் புத்தி. ப்ரொஃபைல் பண்ணாமல் ஆப்டிமைஸ் பண்ணக்கூடாது.

கணக்கு ரொம்பச் சின்னதுதான். கோடையில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. அம்மா அறை 10க்கு 12 அடி, அதாவது 11 சதுர மீட்டர். ஆக அவள் தலைக்கு மேலே மத்தியானம் 11 கிலோவாட். ஒரு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்று வைத்தால், மாடியில் பதினோரு இஸ்திரிப் பெட்டிகளை ஆன் பண்ணிக் கவிழ்த்து வைத்த மாதிரி. வெயில் பட்டுப் பட்டுக் கறுத்த தட்டோடு அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மீதி ஏழெட்டு இஸ்திரிப் பெட்டி கூரைக்குள்ளே. அதில் பெரும்பகுதியைக் காற்றும் வானமும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. வாங்காமல் விட்டது கீழே இறங்குகிறது.

மெதுவாகத்தான் இறங்குகிறது, அதுதான் சிக்கல். நாலரை அங்குல கான்கிரீட், அதற்கு மேலே மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, அதற்கு மேலே தட்டோடு. அந்த ஒரு அறைக்கு மேலே மட்டும் நாலரை டன் எடை. அதை ஒரு டிகிரி சூடாக்க ஒரு யூனிட் கரண்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் வேண்டும். பகலெல்லாம் அதைக் குடித்துவிட்டு, வெளியே காற்று ஆறிய பிறகு, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குக் கூரை அறைக்குள்ளே கக்குகிறது. "வெளியே குளு குளுன்னு இருக்கு, உள்ளே வேகுது" என்று எல்லா வீட்டிலும் சொல்வது இதைத்தான்.

அளந்து பார்க்க டி.எஸ்.18பி20 என்ற சென்சார் வாங்கினேன். ஒன்று நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, அரை டிகிரி முன்னே பின்னே காட்டும். எல்லாவற்றையும் ஒரே தம்ளர் தண்ணீரில் போட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டேன். சீலிங்கில் ஒட்டும்போது மேலே ஒரு துண்டு தெர்மகோலை வைத்து மூடவேண்டும், இல்லாவிட்டால் கூரையை விட்டுவிட்டுக் காற்றின் சூட்டைச் சொல்லும். அம்மா அறையிலும், அதே அளவுள்ள என் வேலை அறையிலும் சீலிங்குக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. மார்ச்சில் ஒரு வாரம் எதுவும் செய்யாமல் அளந்தேன். அம்மா அறைக்கு மேற்குச் சுவர் உண்டு என்பதால் அதன் சீலிங் எப்போதும் அரை டிகிரி கூடுதல்.

பிறகு அம்மா அறைக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். முதல் தடவை சொதப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, கொதிக்கிற ஓட்டின் மேலேயே அடித்தேன். பத்து நிமிடத்தில் காய்ந்து பளீரென்று ஆனது. மறுநாள் நடந்தால் காலெல்லாம் மாவு. சுண்ணாம்பு பெயின்ட் மாதிரி காய்ந்து ஒட்டுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாக மாறுகிறது, அந்த வேலை நடக்க ஈரம் வேண்டும். சட்டென்று காய்ந்தால் வேலை பாதியில் நின்றுபோகும்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், சுண்ணாம்பின் மேலே தண்ணீர் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். இரும்பு வாளி நல்லது, மெல்லிய பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடவேண்டாம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஊறியதைத் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, வெள்ளைப் பசை கலந்தேன். அந்தக் காலத்தில் கஞ்சி கலப்பார்கள். மாடியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, பாசியைச் சுரண்டி, சாயங்காலம் வெயில் இறங்கியதும் தரையை நனைத்துவிட்டு மெல்லிசாக ஒரு கோட். மறுநாள் காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் அடுத்த கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் உரியும். சுவருக்கு அடிக்கும்போது கண்ணுக்கு எடுப்பாக இருக்கக் கொஞ்சம் நீலம் போடுவோம் இல்லையா, மாடிக்கு அது வேண்டாம். நீலம் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும்.

ஏப்ரல் பாதியில் பத்து நாள் சராசரி இது. மத்தியானம் இரண்டு மணிக்கு என் அறைக்கு மேலே வெறும் ஓடு 58 டிகிரி, அம்மா அறைக்கு மேலே வெள்ளை ஓடு 43. ராத்திரி ஒன்பது மணிக்கு என் சீலிங் 39.5, அம்மா சீலிங் 35. அறைக் காற்றோ 34.4, 33.2.

கடைசி இரண்டு எண்களைப் பார்த்து எனக்கு முதலில் ஏமாற்றம்தான். இவ்வளவு பாடுபட்டு ஒன்றேகால் டிகிரிதானா? ஆனால் அம்மா அந்த வாரம் ஒரு நாள்கூட எழுந்து வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்தது. வெயில் காலத்தில் நம் தோலின் சூடு சுமார் 34, 35 டிகிரி. 39.5 டிகிரியில் இருக்கும் சீலிங் தோலைவிடச் சூடு, ஆகவே அது படுத்திருப்பவர் மேல் ராத்திரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி. 35 டிகிரி சீலிங் ஏறக்குறையத் தோலின் சூட்டிலேயே நிற்கிறது, கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் காற்றை மட்டும்தான் சொல்லும். உடம்பு காற்றையும் சுற்றியுள்ள பரப்புகளையும் ஏறக்குறைய சரிபாதியாகக் கணக்கில் எடுக்கிறது. தவிர, ஃபேன் சீலிங்கை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. நெருப்பைக் கொட்டுது என்று அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

அடுத்த வாரமே மீதி மாடிக்கும் அடித்துவிட்டேன். மொத்தம் 25 கிலோ சுண்ணாம்பு, இரண்டு கிலோ பசை, இரண்டு பிரஷ், எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய்க்குள். கூலி என் முதுகுவலி. விலை உயர்ந்த பெயின்ட் பொய் என்று சொல்லவில்லை. அது சில வருடம் தாங்கும், சுண்ணாம்பை வருடா வருடம் மாசி பங்குனியில் அடிக்கவேண்டும். கையில் பணம் இருந்தால் அதைச் செய்யலாம். ஆனால் உள்ளே போடும் ஃபால்ஸ் சீலிங்குக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். சூடு ஏற்கனவே நாலரை டன் கூரைக்குள் வந்த பிறகு அதை மறைக்கிற வேலை அது, தெர்மகோல் தீப்பிடிக்கவும் செய்யும்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு அல்ல. 2010 மே மாத வெப்ப அலையில் ஏராளமானோரை இழந்த அகமதாபாத், 2013இல் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் போட்டது. பிறகு அங்கே எளிய மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவது பற்றிப் பலரும் கேட்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தைக் கொண்டுபோகும், பிரமாதமான கணக்கு. ஆனால் ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பாலும் குழாய் வழியாக ஓடிவிடுகிறது. ஊற்றத்தான் வேண்டுமென்றால் பழைய கோணிச் சாக்கை விரித்து நனைத்து வையுங்கள், நாலில் ஒரு பங்கு தண்ணீர் போதும்.

மாடித்தோட்டம் போட்டாலும் குளிரும், உண்மைதான். ஆனால் தயவுசெய்து மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டாதீர்கள். ஒரு கன அடி ஈர மண் 45 முதல் 50 கிலோ. ஒரு அடி உயரம் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோதான். நான் தென்னை நார்க்கழிவு நிரப்பிய நாலு பைகளைச் சுவர் ஓரமாக, பீமுக்கு மேலே வைத்து, கயிறு கட்டிக் கோவைக்கொடியை அம்மா அறையின் மேற்குச் சுவர்மேல் இறக்கினேன். சுவருக்கும் கொடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று ஓடும், சுவரில் ஓதமும் ஏறாது. அந்த அரை டிகிரி இப்போது இல்லை. கோவைக்காய் வேறு வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது, பிள்ளைகளுக்குத்தான் அலுத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மழைநீர் சேமிப்புக் குழாய் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறதென்றால், சுண்ணாம்பு அடித்தபின் வரும் முதல் இரண்டு மழைக்கு அதைத் திருப்பி வெளியே விடுங்கள். நான் மறந்துவிட்டேன். ஜூனில் பெய்த முதல் மழைக்குத் தொட்டித் தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, வெற்றிலைக்குத் தனியாகச் சுண்ணாம்பு வாங்கவேண்டாம் என்றாள். இப்போது குழாயில் ஒரு டீயும் மூடியும் போட்டிருக்கிறேன், 140 ரூபாய்.