பேசலாம், ஓட்டுப் போட முடியாது

ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தை நடத்துகிற குழுவில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இடம் உண்டா? இதைத் தேடப்போய்க் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாட்டிக்கொண்டேன். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ என்று 10 வளாகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 'ரீஜென்ட்ஸ்' என்று ஒரே குழு. நம்மூர் சிண்டிகேட் மாதிரி, ஆனால் அதிகாரம் ரொம்ப ஜாஸ்தி.

மொத்தம் 26 பேர். 18 பேரை மாநில ஆளுநர் நியமிக்கிறார், பதவிக்காலம் 12 வருஷம். (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருகிறவர், நம்மூர் கவர்னரோடு குழப்பிக்க வேண்டாம்.) ஆளுநர் உள்பட 7 பேர் பதவி வழியாக வருகிறார்கள். மிச்சம் ஒருத்தர் மாணவர். அவருக்கும் ஓட்டு உண்டு.

பேராசிரியர்களுக்கு? அவர்களுடைய செனட்டின் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். ஓட்டு கிடையாது.

சட்டம் தடுக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. 1974ல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, குழு விரும்பினால் ஒரு மாணவரையும் ஒரு ஆசிரியரையும் முழு உரிமையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்கள். மாணவர் நாற்காலி மறு வருஷமே நிரம்பியது. ஆசிரியர் நாற்காலி நிரம்பவே இல்லை.

வேண்டாம் என்பதற்குச் சொல்லப்படுகிற காரணங்களை லேசாகத் தள்ள முடியாது. தன் சம்பளத்துக்குத் தானே ஓட்டுப் போடுவதா என்பது ஒன்று. அதைவிட வலுவானது, 1920லேயே பாடத்திட்டம், பட்டம், மாணவர் சேர்க்கைத் தகுதி எல்லாம் பெருமளவு செனட் கைக்கு வந்துவிட்டது என்பது. அது தானாகக் கிடைத்ததில்லை, பெர்க்லி ஆசிரியர்கள் சண்டை போட்டு வாங்கியது. அந்த அதிகாரம் கையில் இருக்கும்போது 26ல் ஒரு ஓட்டு எதற்கு? தோற்றுப்போனால் 'நீங்களும்தானே கூட இருந்தீங்க' என்று வேறு சொல்வார்கள்.

ஆனால் 1950ஐப் பாருங்க. கம்யூனிஸ்ட் இல்லை என்று எல்லா ஆசிரியரும் கையெழுத்துப் போடணும் என்றது குழு. சிலர் மறுத்தார்கள். அவர்களை ஆசிரியர்களின் கமிட்டியே விசாரித்து, 'இவர்களை வைத்துக்கொள்ளலாம்' என்று சொன்னது. ஜூலையில் ரீஜென்ட்ஸ் 10க்கு 9 என்று அதை ஏற்றார்கள். ஆகஸ்டில் மறுபடி ஓட்டெடுத்து, 12க்கு 10 என்று 31 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுநர் எர்ல் வாரனே ஆசிரியர்கள் பக்கம் நின்றும் பலிக்கவில்லை. 1952ல் மாநில உச்ச நீதிமன்றம்தான் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

கணக்குப் போட்டால், ஒரு ஆசிரியர் ஓட்டு இருந்திருந்தாலும் 12க்கு 11தான். தோல்விதான். ஆனாலும், யாருடைய வேலை போகிறதோ அவர்களில் ஒருத்தர்கூட எண்ணிக்கையில் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

2020ல் வேறொரு விதம். சேர்க்கைக்கு எஸ்ஏடி தேர்வை இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செனட் பேரவை 51-0 என்று முடிவெடுத்தது. அடுத்த மாதமே ரீஜென்ட்ஸ் 23-0 என்று அதைப் படிப்படியாக நீக்கிவிட்டார்கள். எந்த முடிவு சரி என்பது தனி விவாதம், எனக்கே இரண்டு மனசு. ஆனால் 1920ல் வாங்கிய அதிகாரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று இதில் தெரிந்துவிட்டது. அந்த 23-0ல் எதிர்த்து விழுந்த ஓட்டு ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் அதே மாநிலத்தின் இன்னொரு அரசு அமைப்பான கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், ஓட்டுரிமையுள்ள ஆசிரிய உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். ஆசிரியர்களின் செனட் பெயர்களைக் கொடுக்கும், ஆளுநர் அதிலிருந்து ஒருவரை எடுப்பார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

வேலை போன அந்த 31 பேரில் டேவிட் சாக்ஸன் என்று ஒரு இயற்பியல்காரர் உண்டு. 1975ல், அதாவது மாணவர் நாற்காலி நிரம்பிய அதே வருஷம், பல்கலைக்கழகத் தலைவரானார். பதவி வழி வருகிற 7 பேரில் தலைவரும் ஒருவர். ஆக, தன்னை வெளியே அனுப்பிய குழுவிலேயே ஓட்டுரிமையோடு போய் உட்கார்ந்தார், நிர்வாகியாக.